சாகாத எலிகளின் பேராசிரியர்

பேராசிரியர் ஜெயசங்கருக்கு எலி என்றாலே அருவருப்பு. எலிகளின் மூளையைப் பற்றிய முப்பதுக்கும் மேற்பட்ட கட்டுரைகளில் தன் பெயரைப் போட்டுக்கொண்ட அந்த மனிதர், மலேசியாவின் ஸ்கூடாய் நகரில் இருந்த தன் ஆய்வுக்கூடத்தில் எலிக்கூண்டு அறையின் வாசற்படியை ஒருநாளும் தாண்டியதில்லை. அதனால் விளம்பரத்துக்குப் படம் எடுக்க ஆள் வந்த அன்று, எலியைக் கையில் ஏந்தி நிற்கிற பொறுப்பு ஷாமளாவின் தலையில் விழுந்தது.

"கொஞ்சம் சிரிங்க டாக்டர்," என்றான் படம் எடுக்க வந்தவன்.

எலி அவள் கையுறையில் மூத்திரம் பெய்தது. ஷாமளா சிரித்தாள். இரண்டடி தள்ளி, வெள்ளைக் கோட்டுப் போட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு, மனித குலத்தின் எதிர்காலத்தைப் பார்ப்பவர்போல ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி நின்றார் ஜெயசங்கர். ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடமும் மூடி இல்லாத ஒரு குப்பைத்தொட்டியும்தான் இருந்தன.

ஷாமளாவுக்கு வயது முப்பத்துமூன்று. டென்மார்க்கில் முனைவர் பட்டம் முடித்துவிட்டு, அப்பா இறந்தபின் அம்மா நிர்மலாதேவி தனியாக இருக்கிறாளே என்று ஜொகூருக்குத் திரும்பி வந்தவள். வந்த இடத்தில் அவள் படித்த படிப்புக்கு ஏற்ற மைக்ரோஸ்கோப் ஒரே ஒரு கூடத்தில்தான் இருந்தது. அந்தக் கூடம் ஜெயசங்கருடையதாக இருந்தது அவளுடைய தலையெழுத்து.

அவள் ஆராய்ந்தது ஒரு சின்னஞ்சிறு செல்லை. மூளைக்குள் தலைமுடியைவிடப் பலமடங்கு மெல்லிய ரத்தக்குழாய்கள் கோடிக்கணக்கில் ஓடுகின்றன. அவற்றின் மேல் அங்கங்கே சில செல்கள், விரல்களால் பற்றிக்கொண்டதுபோலச் சுற்றி உட்கார்ந்திருக்கும். பெரிசைட் என்று பெயர். அந்தப் பக்கம் ரத்தம் கூடுதலாக வேண்டுமென்றால் பிடியைத் தளர்த்தும், போதுமென்றால் இறுக்கும். பக்கவாதம் வந்து பெரிய குழாய் ஒன்று அடைத்துக்கொண்டால், மூச்சு முட்டிய இந்தச் செல்கள் பிடியை இறுக்கிவிடும். இறுக்கியபடியே செத்தும் போகும். பிறகு மருத்துவர்கள் வந்து அடைப்பை எடுத்துவிட்டாலும் பெரிய சாலை மட்டும்தான் திறக்கும். வீடுகளுக்குப் போகிற சந்துகள் எல்லாம் செத்த கைகளின் பிடியில் அடைபட்டே கிடக்கும். அந்தப் பிடியை விடுவிக்க வழி உண்டா என்பதுதான் ஷாமளாவின் கேள்வி. உலகத்தில் பல கூடங்கள் அந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன.

ஜெயசங்கர் மல்லுக்கட்டவில்லை. விடையை ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டார். சந்தையில் கட்டுக் கட்டாகக் கிடக்கிற, மலாய்க்காரர்கள் பெகாகா என்று சொல்லிப் பச்சையாகவே தின்கிற வல்லாரைக் கீரைதான் விடை. அதன் சாற்றிலிருந்து ஏதோ ஒன்றைப் பிரித்து ஆறு எலிகளுக்குக் கொடுத்தாராம். பக்கவாதம் வந்த எலிகளின் மூளையில் ரத்தம் ஆறாகப் பெருகியதாம். ஷாமளா வேலைக்கு வருவதற்கு முன்பே அது கட்டுரையாகியிருந்தது. அவள் வந்த கொஞ்ச நாளில் டத்தோ பட்டம் வாங்கிய பணக்காரர் ஒருவர் முதல் போட்டு அது கேப்சூலும் ஆனது.

அவள் அந்தச் சோதனையைத் திரும்பவும் செய்து பார்த்தாள். எந்த எலிக்கு மருந்து, எந்த எலிக்கு வெறும் உப்புநீர் என்பது தனக்கே தெரியக்கூடாது என்று, கூடத்தில் உதவி ஆராய்ச்சியாளனாக இருந்த ரயனை எண் போடச் சொன்னாள். பிறகு ஒவ்வொரு எலியின் மூளையிலும் நூற்றுக்கணக்கான நுண்குழாய்களின் அகலத்தை அளந்தாள். கண் எரிய எரிய அளந்தாள். கடைசியில் ரயன் எண்களுக்குரிய மருந்தைச் சொன்னபோது, இரண்டு பக்கத்துக்கும் இம்மியளவுகூட வித்தியாசம் இல்லை. இறுக்கிய செல்கள் இறுக்கியபடியேதான் இருந்தன.

"அப்ப மொத ஆறு எலிக்கு மட்டும் எப்படிடா பலன் வந்துச்சு?" என்று ரயனைக் கேட்டாள்.

ரயன் நல்ல பையன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிறவன். பொய் சொல்லத் தெரியாது. கேட்காமல் உண்மையைச் சொல்லவும் தெரியாது.

"அக்கா, மொதல்ல பதினொண்ணு இருந்துச்சு. மருந்து குடுத்ததுல அஞ்சு மறுநாளே செத்துப்போச்சு. அது ஆப்பரேஷன் கோளாறு, கணக்குல சேர்க்காதேன்னாரு ப்ரொஃப்."

"உப்புநீர் குடுத்ததுல சாகலையா?"

"செத்துச்சு. அத சேர்த்துக்கிட்டாங்க."

ஷாமளாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. தேர்வில் ஃபெயிலான பிள்ளைகளையெல்லாம் பள்ளிக்கூடத்தை விட்டுத் துரத்திவிட்டு, நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று பேனர் கட்டுகிற தலைமையாசிரியர் ஞாபகம் வந்தது. ஆனால் அந்தத் தலைமையாசிரியர்கூடப் பிள்ளைகளின் முகத்தையாவது பார்த்திருப்பார்.

ஜெயசங்கரிடம் போய்ச் சொன்னாள். அவர் கோப்பியை ஊதிக் குடித்துக்கொண்டே கேட்டார்.

"ஷாமளா, நீ நல்லா வேலை செய்யற பிள்ள. ஆனா ஒண்ணு சொல்றேன். இல்ல, வரல, ஆகலன்னு எழுதினா யாரும்மா கைதட்டுவா?"

"செத்த எலிய விட்டுட்டு எழுதினா கைதட்டுவாங்களா, ப்ரொஃப்?"

"வெளிநாட்டுல படிச்சிட்டு வந்தா இப்படித்தான்லா, எல்லாத்தையும் சந்தேகப்படச் சொல்லுது. சாப்பிடற கீரைதானே? யாருக்கு என்ன கெட்டுப்போகும்?" அவர் அவளுடைய படம் போட்ட விளம்பரத்தை மேசைமேல் நகர்த்தினார். "பாரு, எவ்வளவு அழகா வந்திருக்கே."

அந்த நாளில் அவள் எங்கேயாவது புகார் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. பயம் கொஞ்சம் இருந்தது உண்மைதான். ஆனால் பயத்தைவிடப் பெரிய காரணம், அந்த ஆள்மேல் அவளுக்கிருந்த இளக்காரம். இவனோடெல்லாம் சண்டை போடுவதா என்று நினைத்தாள். சாக்கடையில் கல்லெறிந்தால் நம் மேல்தானே தெறிக்கும் என்று நினைத்தாள். இளக்காரம் சுகமான நாற்காலி. அதில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டால் எழுந்திருக்க மனம் வராது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ரயனுக்கு ஜெயசங்கரைப்போல ஜன்னலைப் பார்த்துக் காட்டிச் சிரிக்கவைப்பாள். அதோடு தன் கடமை முடிந்தது என்று மைக்ரோஸ்கோப்புக்குத் திரும்பிவிடுவாள்.

கேப்சூலைப் பற்றிய முதல் கூட்டம் ஜொகூர் பாருவில் ஒரு சங்க மண்டபத்தில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமைக் காலை. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்கள். பசியாறலுக்கு இட்டிலியும் வடையும் இருந்ததால் கூட்டம் நன்றாகவே சேர்ந்திருந்தது. மேடையில் ஜெயசங்கருக்கு இடப்பக்கம் டத்தோ, வலப்பக்கம் ஷாமளா. தலைக்கு மேலே பெரிய திரையில் மறுபடியும் ஷாமளா, கையில் எலியோடு.

மூன்றாவது வரிசையில் அவளுடைய தாய்மாமன் சிவசம்பு உட்கார்ந்திருந்தார். மெர்சிங்கில் நில அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மாமி இறந்தபிறகும் மெர்சிங்கை விட்டு வர மறுத்து, படகுத்துறைக்குப் பக்கத்தில் தனியாக இருந்தார். உலகத்தில் தன்னைத் தவிர எல்லோரும் அரைகுறை என்பது அவர் கொள்கை. டாக்டர்கள் அரைகுறை, வக்கீல்கள் அரைகுறை, மீன் விற்கிறவனுக்கு மீனைப் பற்றித் தெரியாது. டென்மார்க்கிலிருந்து திரும்பிய மருமகளிடம் அவர் முதலில் கேட்டது, "எலி பிடிக்கறதுக்கு அவ்ளோ தூரம் போகணுமா? இங்க நம்ம வீட்டுலயே இருக்கே," என்பதுதான். ஷாமளாவும் அவரைப் பெரிதாக மதித்ததில்லை. பெருமையடிப்பதற்கென்றே பென்ஷன் வாங்குகிற மனிதர் என்பது அவள் எண்ணம்.

கேள்வி நேரம் வந்ததும் முதல் ஆளாக அவர்தான் எழுந்தார். ஒலிவாங்கியை வாங்கித் தட்டிப் பார்த்தார்.

"எனக்கு இருதயம் தாளம் தப்பித் துடிக்குது. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை குடுத்திருக்காங்க, வருசக்கணக்கா சாப்பிடறேன். மாசாமாசம் ஊசி குத்தி ரத்தம் எடுக்கறான். இந்தக் கேப்சூலும் ரத்த ஓட்டத்துக்குத்தான்னு சொல்றீங்க. அப்ப ரெண்டையும் சாப்பிடலாமா?"

ஜெயசங்கர் புன்னகையோடு முன்னால் வந்தார். "ரொம்ப நல்ல கேள்வி ஐயா. ரெண்டையும் சேர்த்துச் சாப்பிடாதீங்க. ரத்தக் கசிவு வரலாம்."

"அப்ப ஏதாச்சும் ஒண்ணு."

"ஆமா, ஏதாவது ஒண்ணு." ஜெயசங்கர் அடுத்த கேள்விக்குக் கை நீட்டினார்.

ஷாமளா அதைக் கேட்டாள். தெளிவாகக் கேட்டாள். மாமா ஒன்றும் முட்டாளில்லை, எழுதிக்கொடுத்த மருந்தை விடமாட்டார் என்று அந்தக் கணத்தில் நினைத்தாள். எதிரில் இருந்த ஒலிவாங்கியை அவள் எடுத்திருக்கலாம். ஆனால் டத்தோ தன் மூட்டுவலியைப் பற்றி அவளிடம் ஏதோ கேட்க ஆரம்பித்துவிட்டார். மாமா போகிறபோது கையில் ஒரு பை வைத்திருந்ததையும் பார்த்தாள். வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை போன் பண்ணிச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். சொன்னால் ஒரு மணி நேரம் பெருமையடிப்பாரே என்ற அலுப்பில் அதுவும் தள்ளிப்போய்விட்டது.

அடுத்த மாதம் ஒரு காலையில் கூடத்துக்கு அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"அண்ணன் பாத்ரூம்ல விழுந்துட்டாராம் ஷாமளா. வாய் ஒரு பக்கம் கோணிக்கிச்சாம். பக்கத்து வீட்டு மதிவாணன்தான் பாத்துட்டு ஆம்புலன்ஸ் கூப்பிட்டிருக்கான். ஜேபிக்குக் கொண்டாராங்க."

மெர்சிங்கிலிருந்து கோத்தா திங்கி வழியாக ஜொகூர் பாரு வர இரண்டு மணி நேரமாவது ஆகும் என்று ஷாமளாவுக்குத் தெரியும். அந்த நேரத்துக்குள் இறுகிய பெரிசைட்டுகள் என்னவாகும் என்பதும் தெரியும். அது தெரியாத அம்மா அதிர்ஷ்டசாலி என்று தோன்றியது. அம்மாவால் பிள்ளையாரிடம் வேண்டிக்கொள்ள முடிந்தது.

மருத்துவமனையில் டாக்டர் லோஷினி என்ற இளம் நிபுணர் அடைப்பை எடுத்தார். தொடையிலுள்ள ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பியை மூளை வரை செலுத்தி, உறைந்த கட்டியைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டார். கச்சிதமான வேலை. முடிந்ததும் ஷாமளாவும் அந்தத் துறைதான் என்று தெரிந்து, கணினித் திரைக்கு அழைத்துக் காட்டினார்.

"பாருங்க, முன்னாடி இங்க நின்னுபோச்சு. இப்ப மேல வரைக்கும் போகுது. ஃபுல்லா ஓப்பன்."

திரையில் குழாய் மரம்போலக் கிளைவிட்டுத் தெரிந்தது. பெரிய கிளைகள், சின்னக் கிளைகள். அதற்கப்பால் இருந்தவற்றை அந்தப் படம் காட்டாது. அப்பால் இருந்தவற்றைத்தான் ஷாமளா ஆறு வருடங்களாக எலிகளில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளும் மாமாவின் வலது கை அசையவில்லை. அதற்கு அடுத்த நாளும் அசையவில்லை. திரையில் எல்லாம் திறந்தே இருந்தது.

"ரத்தம் உறையாத மருந்து சாப்பிட்டுக்கிட்டுதானே இருந்தாரு?" என்று லோஷினி கேட்டார். "ரத்தத்துல அது இருக்கற அடையாளமே இல்ல."

நிர்மலாதேவி புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "நிறுத்திட்டேன்னு போன்ல சொன்னாரு டாக்டர். ரெண்டுல ஒண்ணுதான் சாப்பிடணும்னு சொன்னாங்களாம். ஊசி குத்தற தொல்லை விட்டுச்சுன்னு சந்தோசமா சொன்னாரு." பிறகு மகளைப் பார்க்காமல் சொன்னாள். "நம்ம பிள்ள படம் போட்டிருக்கே, பொய்யாவா இருக்கும்னாரு."

வாழ்நாளெல்லாம் ஒருவரையும் நம்பாத மனிதர் நம்பிய முதல் அரைகுறை தான்தான் என்று ஷாமளாவுக்கு அப்போது விளங்கியது. அதுவரை ஜெயசங்கருக்காகச் சேர்த்து வைத்திருந்த இளக்காரம் முழுவதும் திரும்பி அவள் மேலேயே வந்து விழுந்தது. கழிவறைக்குப் போய் முகம் கழுவினாள். கண்ணாடியில் தெரிந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. எலியோடு சிரித்த அதே முகம்.

ஜெயசங்கர் மூன்றாவது நாள் வந்தார். செலோஃபேன் சுற்றி ரிப்பன் கட்டிய பழக்கூடை ஒன்றும் கையில் வந்தது. சரியாக விழுங்கக்கூட முடியாத மனிதருக்கு ஆப்பிளும் ஆரஞ்சும்.

"ஐயா, எப்படி இருக்கீங்க?" என்று குனிந்தார்.

சிவசம்புவுக்குப் பேச்சு போயிருந்தது. மூளையின் இடப்பக்கம் அடிபட்டால் பேச்சு போகும். ஆனால் பழகிப் பழகி வாயில் ஊறிப்போன சொல் ஒன்றிரண்டு மட்டும் சிலருக்கு மிஞ்சும். சிலருக்குச் சாமி பேர், சிலருக்குக் கெட்ட வார்த்தை. சிவசம்புவுக்கு மிஞ்சியது ஒரே ஒரு சொல்.

"மடையன்," என்றார் ஜெயசங்கரின் முகத்தைப் பார்த்து, அட்சர சுத்தமாக.

ஜெயசங்கர் நிமிர்ந்தார். நிர்மலாதேவி பதறிப்போனாள். "தப்பா நெனச்சிக்காதீங்க சார், நர்ஸையும் அப்படித்தான் சொல்றாரு. காலையில என்னையும் சொன்னாரு. தண்ணி வேணும்னாலும் அதுதான்."

அது உண்மைதான். மருத்துவப்படி அந்தச் சொல்லுக்கு எந்தப் பொருளும் இல்லை என்று ஷாமளாவுக்குத் தெரியும். இருந்தாலும் அந்த மூன்று நாளில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

ஜெயசங்கர் அவளை நடைவழிக்கு அழைத்துப் போனார். குரலைத் தாழ்த்தினார்.

"ஹாஸ்பிட்டல் சார்ட்ல கேப்சூல் பேரு வந்திருக்கா?"

ஷாமளா வார்டுக் கதவைச் சாத்தினாள்.

"நான் என்ன சொன்னேன்? சேர்த்துச் சாப்பிடாதீங்கன்னுதானே சொன்னேன்? அது தப்பா? டாக்டரக் கேக்காம இவரா மருந்த நிறுத்தினா அதுக்கு நாம என்ன பண்றது? வயசானவங்க, சொன்னா கேக்க மாட்டாங்க."

"ஏதாவது ஒண்ணுன்னு சொன்னீங்க, ப்ரொஃப்."

"அவருதான் அப்படிச் சொன்னாரு. நான் ஆமான்னேன்." அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, சனிக்கிழம ஆயர் ஈத்தாம்ல கூட்டம். நீ வர வேணாம். ரெஸ்ட் எடு. நான் சமாளிச்சிக்கறேன்."

லிஃப்டில் ஏறுகிறபோது அங்கே தொங்கிய கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். கதவு மூடும்வரை ஷாமளா பார்த்துக்கொண்டே நின்றாள். கெட்டவனாக இருக்கக்கூட ஒரு முதுகெலும்பு வேண்டும். இவரிடம் அதுவும் கிடையாது. அடுத்தவன் சொன்னதற்கு ஆமாம் போட்டே ஒரு மனிதனின் பாதி உடம்பை முடக்கியிருக்கிறார்.

சனிக்கிழமை அவள் ஆயர் ஈத்தாமுக்கு ஓட்டிக்கொண்டு போனாள். வழி காட்டுகிறேன் என்ற சாக்கில் ரயனும் கூட வந்தான். நெடுஞ்சாலை ஓரம் மண்பானைகளும் பூச்சாடிகளும் அடுக்கிய கடைகளுக்குப் பின்னால் இருந்தது மண்டபம். உள்ளே அதே திரை, அதே எலி, அதே சிரிப்பு. வாசலில் ஒரு மேசை போட்டுக் கேப்சூலை அடுக்கியிருந்தார்கள். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்.

கேள்வி நேரம் வரைக்கும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்தாள்.

"படத்துல எலியப் பிடிச்சிருக்கறது நான்தான்," என்றாள். கூட்டம் திரும்பிப் பார்த்தது. "இந்த மருந்த எலிக்குக் குடுத்து நானே திரும்பப் பாத்தேன். எந்தப் பலனும் இல்ல. முன்னாடி பலன் இருந்துச்சுன்னு எழுதினது, மருந்து குடுத்துச் செத்த எலிய எல்லாம் விட்டுட்டு எழுதினது."

மண்டபத்தில் ஒரு சலசலப்பு. அதில் ஆத்திரத்தைவிட எரிச்சல்தான் அதிகமாகத் தெரிந்தது. சாப்பாட்டுக்கு நேரமாகிறதே என்ற எரிச்சல்.

"உக்காரும்மா," என்றது ஒரு குரல். "டத்தோவே சாப்பிடறாராமே," என்றது இன்னொன்று. முன் வரிசையில் ஒரு பெரியவர், "எலிக்கு ஒத்துக்கலைன்னா என்ன, நாம என்ன எலியா?" என்றார். அதற்குக் கைதட்டல்கூடக் கிடைத்தது.

ஜெயசங்கர் கையை உயர்த்தி எல்லோரையும் அமைதிப்படுத்தினார். இந்த மாதிரி நேரத்தில்தான் அவர் ஜொலிப்பார்.

"இவங்க நம்ம ஆய்வுக்கூடத்துப் பிள்ளதான். கோவிச்சுக்காதீங்க. இவங்க மாமாவுக்கு ரொம்ப சீரியஸ், ஹாஸ்பிட்டல்ல இருக்காரு. பாவம், மனசு கலங்கிப்போயிருக்கு. நாம எல்லாரும் அவருக்காக ஒரு நிமிசம் வேண்டிக்குவோம்."

கூட்டம் தலையைக் குனிந்தது. ஷாமளா ஒரு கணம் அசந்தே போனாள். மாமாவின் பக்கவாதத்தையே எடுத்து அவள் வாயை அடைக்கத் துணிவானா ஒரு மனிதன்? துணிந்துவிட்டான். வேண்டுதல் முடிகிற வரைக்கும் அவள் காத்திருந்தாள்.

"சரியாச் சொன்னீங்க, ப்ரொஃப்," என்றாள் பிறகு. "என் மாமாவுக்கு ஸ்ட்ரோக். போன மாசம் இதே மாதிரி ஒரு கூட்டத்துல உக்காந்து இவரக் கேள்வி கேட்டது அவருதான். ரத்தம் உறையாத மருந்து சாப்பிடறேன், இதையும் சாப்பிடலாமான்னு கேட்டாரு. ஏதாவது ஒண்ணு சாப்பிடுங்கன்னு பதில் வந்துச்சு. மாமா இதச் சாப்பிட்டாரு, அத விட்டுட்டாரு. இப்ப அவருக்குக் கை வரல, பேச்சு வரல. நானும் அன்னைக்கு மேடையில உக்காந்திருந்தேன். வாயத் தொறக்கல."

யாரும் கைதட்டவில்லை. யாரும் உட்காரச் சொல்லவும் இல்லை. ஜெயசங்கர் திரைப்பக்கம் திரும்பி அடுத்த படத்துக்கு மாற்றச் சொன்னார். அடுத்த படத்தில் டத்தோ கேப்சூல் டப்பாவோடு கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தார்.

நடுவரிசையில் ஒரு பெண் மெல்ல எழுந்தாள். வினிஃப்ரெட் என்று பிறகு பெயர் சொன்னாள். சிலுவை தொங்கிய கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

"மிஸ், எங்க வீட்டுக்காரரு மணியம் அந்த மாத்திரைய விட்டுட்டு ரெண்டு வாரமா இதத்தான் சாப்பிடறாரு. இப்ப என்ன செய்யறது?"

"அவரு இப்ப எங்க?"

"வெளியில சிகரெட் பிடிக்கறாரு."

"இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க. எந்தக் கிளினிக்ல அந்த மாத்திரைய எழுதிக் குடுத்தாங்களோ அங்க. மருந்த நிறுத்திட்டேன்னு மறைக்காம சொல்லச் சொல்லுங்க. சாயந்திரம் பாத்துக்கலாம்னு வீட்டுக்குப் போயிடாதீங்க."

வினிஃப்ரெட் கைப்பையை எடுத்துக்கொண்டு, வரிசையில் இருந்தவர்களின் முழங்கால்களை இடித்துக்கொண்டு வெளியே போனாள். அவள் பின்னால் இன்னும் இரண்டு மூன்று பேர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் முடிந்ததும் வாசல் மேசையில் வரிசை நின்றது. "நாம எலியா" என்று கேட்ட பெரியவர் இரண்டு வாங்கி இலவசமாக ஒன்று பெற்றுக்கொண்டதை ஷாமளா காருக்குள்ளிருந்து பார்த்தாள்.

"அலமாக், இவ்ளோ சொல்லியும் வாங்கறாங்களே," என்றான் ரயன்.

"நீயும் நானும் இவ்ளோ நாள் தெரிஞ்சிக்கிட்டே அங்க வேலை பாத்தோமே," என்றாள் ஷாமளா, வண்டியைக் கிளப்பியபடி.

திங்கட்கிழமை ரயன் அவளோடு நிர்வாக அலுவலகத்துக்கு வந்தான். செத்த எலிகளைப் பற்றி இந்தமுறை யாரும் கேட்பதற்கு முன்பே தானாகச் சொன்னான். குழு ஒன்று போட்டார்கள். அந்தக் குழு எப்படி நடந்தது என்பதை விவரிப்பது வீண். எருமைமாட்டின் மேல் மழை பெய்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மாதங்கள் கழித்து முடிவு வந்தது. கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். பேராசிரியர் ஜெயசங்கர் இனி ஆய்வுக்கூடம் நடத்த வேண்டாம். அவருடைய அனுபவத்தைக் கருத்தில் கொண்டு, தொழில்துறைத் தொடர்புக்கான இயக்குநராக அவர் நியமிக்கப்படுகிறார். புது அறை எட்டாவது மாடியில் இருந்தது. அங்கே எலி வராது. கேப்சூலின் டப்பாவில் பக்கவாதம் என்ற சொல்லை எடுத்துவிட்டு ஞாபகசக்தி என்று போட்டார்கள்.

ஷாமளாவின் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. அவள் கெஞ்சிக்கொண்டு நிற்கவும் இல்லை. சிங்கப்பூரில் ஒரு கூடத்தில் இடம் கிடைத்தது. காலையில் இருட்டோடு எழுந்து, ஜொகூரைச் சிங்கப்பூரோடு இணைக்கிற பாலத்தில் மோட்டார் சைக்கிள்களின் புகையில் ஊர்ந்து போய்த் திரும்புகிறாள். அங்கேயும் பெரிசைட்தான். அங்கேயும் மேடையில் நிற்க ஆசைப்படுகிற ஒரு தலைவர் இருக்கிறார். அவருக்கு முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டாள்: எலி செத்தாலும் கணக்கில் எலிதான். அவர் இவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் சரி என்றார். வல்லாரைச் சோதனையைச் செத்தது பிழைத்தது எல்லாம் சேர்த்து ஒரு சின்ன இதழில் வெளியிட்டாள். ரயன் பெயரும் அதில் இருந்தது. எத்தனை பேர் படித்தார்களோ தெரியாது. கைதட்டல் எதுவும் கேட்கவில்லை.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெர்சிங்குக்குப் போகிறாள். மாமா தன் வீட்டை விட்டு வர மாட்டேன் என்று இடது கையாலேயே மேசையைத் தட்டிச் சாதித்துவிட்டார். அதனால் நிர்மலாதேவிதான் அங்கே போய்த் தங்கியிருக்கிறாள். பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது. சொற்கள் ஒவ்வொன்றாக, நனைந்த தீக்குச்சியைக் கிழிப்பதுபோல வருகின்றன.

போன முறை அவள் அவருடைய வலது கைவிரல்களைப் பிடித்து ஒவ்வொன்றாக நீட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். மூடியே இருக்கிற விரல்களைத் தினமும் நீட்டிவிடாவிட்டால் அப்படியே இறுகிவிடும். ஜன்னல் வழியாக மீன் வாடை வந்துகொண்டிருந்தது. மாமா அவள் செய்வதை ஒரு அதிகாரி கீழ்நிலைக் குமாஸ்தாவின் வேலையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எலி," என்றார். "மருந்து. இருக்கா?"

"இன்னும் இல்ல மாமா."

"எப்ப?"

"தெரியாது மாமா. என் காலத்துல வராமலேயே போகலாம்."

அவர் முகத்தில் பாதி மட்டும் சுளித்தது. அந்தப் பாதியிலேயே பழைய சிவசம்பு முழுவதும் இருந்தார்.

"அதச் சொல்ல," என்று இழுத்து, மீதிச் சொல்லுக்காகத் தடுமாறிக் கடைசியில் பிடித்துவிட்டார். "படிப்பு எதுக்கு?"

"அதச் சொல்றதுக்குத்தான் மாமா படிச்சேன்," என்றாள் ஷாமளா. சுண்டு விரலை விட்டுவிட்டு அடுத்த விரலைப் பிடித்தாள்.